பழைய மஞ்சள் விமானத்துக்கு வீட்டிலேயே ஒரு ரடர் பெடல்

1940-இல் அமெரிக்காவில் பறக்க அனுமதி பெற்ற எர்கூப் என்ற சிறு விமானத்தில் வாலின் சுக்கானான ரடரைக் காலால் திருப்பும் ரடர் பெடலே கிடையாது. பிரெட் வைக் அதை அப்படித்தான் வடிவமைத்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இறக்கையைச் சாய்க்கும் எய்லரான் மடலும் வாலின் ரடரும் சேர்ந்தே அசையும். ஓட்டுவது சுலபம். ஆனால் பக்கக்காற்று அடித்தால் மூக்கு கோணியபடியேதான் தரையைத் தொட வேண்டும். பின்னாளில் பலர் அதற்குப் பெடலைத் தனியாகப் பொருத்திக்கொண்டார்கள்.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில் ‘ஆட்டோ கோஆர்டினேஷன்’ என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பறந்தால், எந்த விமானமும் எர்கூப் மாதிரிதான். நான் வெகுநாள் அப்படித்தான் பைபர் கப் என்ற பழைய மஞ்சள் நிறச் சிறு விமானத்தை ஓட்டினேன். காலுக்கு வேலை கொடுத்த பிறகுதான் அந்த விமானமே புரிந்தது. மதுரையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே பெடலைச் செய்துவிடலாம்.

முதலில் மரவேலை. இரு காலையும் வைத்துத் தள்ளும் கட்டைக்கு 60 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமனில் ஒரு தேக்குத் துண்டு வேண்டும். மரக்கடையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 70-க்கு 45 செ.மீ. பலகையின் நடுவில் மேலேயும் கீழேயும் 22 மி.மீ. அகலத்தில் 7 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, இரண்டு 608 பேரிங்குகளைத் தட்டி இறக்குங்கள். நடுவில் மிஞ்சும் மரத்தில் போல்ட் உரசாமல் போகும்படி 12 மி.மீ. துளை போடுங்கள். கை பழகாதவர்கள் இந்தக் குடைசலை மட்டும் ஆசாரியிடம் கொடுத்துவிடலாம். இது சாய்ந்தால் எல்லாம் சாயும்.

தேக்குக் கட்டையின் நடுவில் 8 மி.மீ. போல்ட்டை இறக்கி, அடியில் நட் போட்டு இறுக்குங்கள். கட்டையும் போல்ட்டும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். போல்ட் இரண்டு பேரிங்கையும் தாண்டிக் கீழே ஒன்றரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பலகையின் அடியில் இருபுறமும் 6 செ.மீ. உயரக் கட்டை வைத்துத் தூக்கிவிட்டால் கீழே இடம் கிடைக்கும்.

அப்புறம் ஸ்பிரிங். பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் இரண்டு, ஒரே அளவில் வாங்குங்கள். கட்டையின் இரு பக்கமும் பின்னோக்கி இழுத்துப் பலகையில் மாட்டினால், காலை எடுத்ததும் கட்டை நடுவுக்கு வந்துவிடும். கட்டை இருபுறமும் 20 டிகிரிக்கு மேல் போகாதபடி தடுப்புக்கட்டை அடியுங்கள். பாதம் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், கால் முன்னும் பின்னும் ஏறக்குறைய 7 செ.மீ. போய்வரும். அது போதும்.

மின்சாரப் பகுதி சின்னதுதான். தண்டு எவ்வளவு சுற்றியது என்று காட்டும் 10கே (10 கிலோ ஓம்) லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, அதைப் படித்துக் கணினிக்குச் சொல்ல ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்ற சிறு மின்பலகை ஒன்று; டவுன் ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆர்டுயினோ யூனோ வாங்காதீர்கள். நான் வாங்கி, அதைக் கணினி ஜாய்ஸ்டிக்காக ஏற்காமல் இரண்டு நாள் தவித்தேன். மற்ற இரண்டிலும் இருக்கும் சிப்புதான் நேரடியாக யூஎஸ்பி பேசும்.

போல்ட் முனையையும் பொட்டென்ஷியோமீட்டர் தண்டையும் இணைக்க, ஒரு பக்கம் 8, மறு பக்கம் 6 மி.மீ. துளையுள்ள சிறு குழலை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். ரப்பர் குழாய் வழுக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக்கால்கள் இரண்டில் ஒன்று ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கு, மற்றது கிரவுண்டுக்கு, நடுக்கால் ஏ0 என்ற முனைக்கு. ஆர்டுயினோவுக்கான ஜாய்ஸ்டிக் லைப்ரரியில் ரடர் அச்சை மட்டும் இயக்கி, பெடலின் இரு ஓரங்களிலும் வரும் எண்களை எல்லையாகக் கொடுங்கள். கட்டை கொஞ்சமே சுற்றுவதால், ஆர்டுயினோ அளக்கும் 1024 படிகளில் நமக்குக் கிடைப்பது சுமார் 150 தான், கவலை வேண்டாம். எட்டு அளவுகளைச் சராசரி எடுத்து அனுப்பினால் நடுக்கம் நிற்கும்.

இனி மனசுக்கு வேலை. இடது காலை முன்னே தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் இடது பிடியைத் தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம் அது. முதல் வாரம் கால் தப்பாகத்தான் போகும். தயவுசெய்து பெடலை அதற்கேற்ப மாற்றி வைக்காதீர்கள். உண்மையான விமானம் எல்லாம் இப்படித்தான். மூக்கு உண்மையிலேயே எதிர்ப்பக்கம் போனால் மட்டும் இரண்டு ஓர வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

மொசைக் தரையில் பலகை வழுக்கும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். சக்கர நாற்காலி பின்னால் ஓடிவிடும், பிளாஸ்டிக் நாற்காலியே சரி.

ஆட்டோ கோஆர்டினேஷனை நிறுத்திவிட்டு, மதுரை விமான நிலையத்தில் கப்பை நிறுத்துங்கள். ஓடுபாதை கிழக்கு மேற்காக, எண் 09/27. ஆடி மாத மேல்காற்று நேர் எதிரே வரும், அதில் பெடலுக்கு வேலை குறைவு. அதனால் காற்றைத் தெற்கிலிருந்து 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) என்று வைத்து, மேற்கு நோக்கி இறங்குங்கள். மூக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் காற்றுக்குள் வைத்தே வாருங்கள். தரை நெருங்கியதும் வலது பெடலை மெதுவாக அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராக்குங்கள், இடது இறக்கையைச் சற்றே தாழ்த்துங்கள். இடது சக்கரம் முதலில் தொடும், பிறகு வலது. தொட்ட பிறகும் காலை எடுக்காதீர்கள். வால் சக்கர விமானம் ஓடி நிற்கும்வரை திரும்பிக்கொள்ளப் பார்க்கும்.