ஜன்னல் நிழல்: 1951 லாஸ் ஏஞ்சலஸ் கொலைக் கதையைக் குறைந்த செலவில் எடுப்பது எப்படி

இனவெறியைத் தொடும் பழைய காலத்துக் கொலைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இனவெறி வசனத்தில் மட்டும் இருக்கும். மர்மம் தன்பாட்டுக்குத் தனியாக ஓடும். இரண்டையும் ஒரே ஷாட்டில் முடிச்சுப் போடலாம், செலவும் குறையும். இது இருபது நிமிடக் கறுப்பு வெள்ளைக் குறும்படத்துக்கான கணக்கு: மூன்று இடம், நான்கு நாள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று வைத்தால், நாளுக்கு ஐந்து பக்கம் எடுக்க வேண்டும்.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலஸின் லெய்மெர்ட் பார்க் குடியிருப்புப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் வீட்டை ஒரு கறுப்பின டிரம்பெட் கலைஞருக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். மறுநாள் அந்தப் பெண்மணி பிணமாகக் கிடக்கிறார். எதிர்வீட்டுக்காரர் இரவில் ஜன்னலில் ஓர் ஆளைப் பார்த்திருக்கிறார். "கறுப்பன்தான், என் கண்ணாலேயே பார்த்தேன்" என்பது அவர் சாட்சியம். ஆனால் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் எந்த மனிதனும் கறுப்பாகத்தான் தெரிவான். சாட்சி பொய் சொல்லவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக நம்புகிறார். அதே ஷாட்டைப் பார்த்த பார்வையாளரும் நம்பியிருப்பார்.

ஆண்டை 1951 என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 மே மாதம் தீர்ப்பளித்தது. உடனே அக்கம்பக்கத்தார் வேறு வழி தேடி, விற்ற வெள்ளைக்காரர்மீது நஷ்டஈடு வழக்குப் போட்டார்கள். அந்த வழியையும் உச்ச நீதிமன்றம் 1953 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போன ஒரு வழக்கில்தான் அடைத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் வீட்டை விற்பவர்தான் குறி. கொலைக்கான நோக்கம் சட்டத்திலேயே தயாராக இருக்கிறது, நீங்கள் இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

காலப் பிழை விஷயத்தில் கவனம். போலீஸ் கைது செய்யும்போது "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்லக்கூடாது. அது 1966-க்குப் பிந்தையது. அவசர அழைப்புக்கான 911 எண் 1968-இல்தான் வந்தது. டி.என்.ஏ. பேச்சே கூடாது, ரத்தப் பிரிவும் கைரேகையும் போதும். டிரம்பெட் கலைஞரின் இசைக்கலைஞர் சங்க அட்டையில் 767 என்ற கிளை எண் இருக்க வேண்டும். வெள்ளையரின் கிளை 47. இரண்டும் 1953-இல்தான் ஒன்றாயின. அதே நகரின் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த டன்பார் ஹோட்டலில் அவர் தங்கியிருந்ததாக வைக்கலாம். கலப்பு ஜோடி யாராவது லாஸ் வேகஸில் போய்க் கல்யாணம் செய்துகொண்டதாக எழுதிவிட்டால் கதை கெட்டது. கலிஃபோர்னியாவில் கலப்புத் திருமணத் தடை 1948-இல் நீங்கியது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவில் 1959 வரை இருந்தது. இதைத் தெரிந்தே எழுதினால், கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாக ஒருவர் சொல்லும் பொய் உடைவதற்கு அருமையான இடம்.

இனி ஜன்னல். நிஜத் தெருவோ வீடோ தேவையில்லை. நான்கடிக்கு மூன்றடி மரச்சட்டம் ஒன்று அடித்து, கறுப்பு சார்ட் அட்டையை இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டிக் குறுக்கே ஒட்டுங்கள். பட்டைகளுக்கு இடையே இரண்டரை அங்குலம் விடுங்கள். சட்டத்துக்கு ஏழடி பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் கட்டி, அதன் பின்னாலிருந்து ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கைப் போடுங்கள். நடிகர் சட்டத்திலிருந்து இரண்டடி உள்ளே நிற்க, கேமரா இருபதடி தள்ளி இருட்டில் இருக்கட்டும்.

எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவை, விரிப்புக்கு வையுங்கள். வெள்ளை முழுக்க வெளுத்துப்போகும் முன் நிறுத்துங்கள். முகம் விரிப்பைவிட ஐந்து ஸ்டாப்பாவது குறைந்திருக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது). மூன்றுதான் கிடைக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் தரை. டைல்ஸும் வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணியைத் தரையிலும் நடிகருக்கு முன்பக்கச் சுவரிலும் போட்டால் சரியாகிவிடும். கேமராவின் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) ஏற்றாதீர்கள், இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். விரிப்பில் வட்ட வட்டமாகப் பட்டை தெரிந்தால் எடிட்டில் கொஞ்சம் ஃபிலிம் கிரெயின், அதாவது பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி, சேருங்கள்.

இந்த முதல் ஷாட்டில் நிற்பவர் உண்மையான கொலையாளியாக நடிப்பவராகவே இருக்க வேண்டும். டூப் போடுவது பார்வையாளருக்குச் செய்யும் துரோகம். தொப்பி கட்டாயம், பக்கவாட்டு முகம் கூடாது. மூக்கு தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். கேமரா உயரம், தூரம், லென்ஸ், விளக்கின் இடம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதி, தரையிலும் குறி போடுங்கள். கிளைமாக்ஸில் துப்பறிபவர் தன் வெள்ளைக்காரச் சகாவை அதே ஜன்னலில் நிற்க வைத்துக் காட்டும்போது, ஃபிரேம் துளிகூட மாறக்கூடாது. இரண்டு ஷாட்டையும் ஒரே நாளில் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஜன்னல் ஷாட் தவிர மற்ற காட்சிகளில் முகங்களை இருட்டில் தொலைக்காதீர்கள். இந்த வகைப் படங்களில் அடிக்கடி நடப்பது, வெள்ளை நடிகருக்கு வெளிச்சம் பார்த்துவிட்டு அதிலேயே கறுப்பின நடிகரை நிறுத்துவது. இந்தக் கதையில் அது கதையையே அறுத்துவிடும். சாட்சிக்கு முகம் தெரியாத மனிதனை நாம் தெளிவாகப் பார்த்தாக வேண்டும். கருமையான தோலுக்கு வாட் கூட்டுவதைவிட ஒளிமூலத்தை அகலமாக்குவதே பலன் தரும். மூன்றடி வெள்ளைத் தெர்மகோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து, கன்னத்தில் அது பளபளக்கும் கோணம் வரை நகர்த்துங்கள். பின்சுவர் நடுத்தரச் சாம்பலாக இருக்கட்டும். இருவரும் ஒரே ஃபிரேமில் என்றால் வெளிச்சத்தைக் கறுப்பின நடிகருக்கு அளந்து, மற்றவருக்குக் கறுப்பு அட்டையால் ஒரு ஸ்டாப் மறையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கலரில் எடுத்துப் பிறகு மாற்றுங்கள், ஆனால் மானிட்டரைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பாருங்கள். சிவப்பு உடையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகிவிடும். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப், சற்றுத் தண்ணீர் கலந்து. காருக்குள் வரும் காட்சியில் கார் ஓடவே வேண்டாம்: ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி, ஒருவர் பம்பரை அசைக்க, இன்னொருவர் டார்ச்சை முகத்தின் குறுக்கே வீசினால் போதும். செய்தித்தாள் அச்சடித்தால் சந்தேக நபரின் பெயரோடு "நீக்ரோ" என்று போடுங்கள். அன்று வெள்ளையர் பெயரோடு இனம் போடும் வழக்கம் இருக்கவில்லை. இந்தத் தாளை யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம், மேஜையில் கிடந்தாலே போதும்.

எடிட்டில் முதல் ஜன்னல் ஷாட்டை மூன்று வினாடிக்கு மேல் நீட்டாதீர்கள், கூர்ந்து பார்க்க நேரம் கிடைத்துவிடும். கடைசியில் வரும் அதே ஷாட்டை எட்டு வினாடி வையுங்கள், பின்னணி இசை இல்லாமல்.