வளவு மரக்கறியில் ஒரு மத்தியானச் சாப்பாடு

சந்தையில் வாங்கிச் சமைக்கிறவர்கள் என்ன கறி என்று முடிவெடுத்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார்கள். வீட்டைச் சுற்றின வளவில் காய்க்கிறதைச் சமைக்க அந்தப் பழக்கம் சரிவராது. முதலில் வளவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், எது பதமாக நிற்கிறதோ அதுதான் இன்றைய கறி. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், ஒரு பிடி பயற்றங்காய், ரெண்டு கத்தரிக்காய், நாலு கொச்சிக்காய் (பச்சை மிளகாய்) என்று. அது போதும்.

வெயில் ஏறமுதல் ஆய்ந்துவிடுங்கள். வெண்டிக்காயின் நுனியை மடித்தால் டக்கென்று முறிய வேண்டும், முறியாமல் வளைந்தால் நார் வைத்துவிட்டது, அதை விதைக்கு விடலாம். பயற்றங்காயை உள்ளே விதை புடைக்கமுதல் ஆய வேண்டும், முற்ற விட்டால் கொடி பூப்பதும் குறைந்துவிடும். கத்தரிக்காய்க்குத் தோலின் மினுக்கம்தான் கணக்கு.

ஒரு தேங்காய்ப்பால் கறி, ஒரு கீரைச் சுண்டல், ஒரு சம்பல், சிவப்பரிசிச் சோறு. இதற்கு மேல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இப்போதுதான் ஆய்ந்த காய்க்குத் தூளை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தால் காயின் ருசியே தெரியாமல் போய்விடும், தூள்கறியை மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கறிக்குப் பயற்றங்காயை விரல் நீளத்துக்குக் கையாலே முறித்து, சின்ன வெங்காயம், கீறின கொச்சிக்காய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துக் கப்பிப்பாலில், அதாவது தண்ணியான தேங்காய்ப்பாலில், அவியவிடுங்கள். பிஞ்சுக் காய் சீக்கிரம் அவிந்துவிடும், அதனால் சட்டியை விட்டுப் போகாதீர்கள். முதலில் பிழிந்த கெட்டியான தலைப்பாலை விட்ட பிறகு துழாவிக்கொண்டே இருந்து, பொங்கிக் கொதிக்கமுதல் இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் (எலுமிச்சை) புளியும் இறக்கின பிறகுதான், அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும்.

சுண்டலுக்கு முருங்கையிலையை விடச் சிறந்தது எங்கள் பக்கம் இல்லை, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுப்போகும். கிளையோடு முறித்து, அப்படியே தண்ணீரில் அலசி, உதறி, ஈரம் போகக் கொஞ்ச நேரம் கொழுவிவிடுங்கள். பிறகு உருவினால் இலை மட்டும் கழன்று வரும், ஈர்க்கு கிடந்தால் பொறுக்கிப் போடுங்கள், சாப்பிடும்போது தொண்டையில் குத்துவது அதுதான். வெங்காயமும் கொச்சிக்காயும் வதங்கின சட்டியில் இலையைப் போட்டு, மூடாமல் பிரட்டுங்கள், மூடினால் பச்சை நிறம் மங்கிவிடும். இலை சுருங்கின பிறகு உப்புப் போடுங்கள். சட்டி நிறைய இலையைப் பார்த்து முதலே போட்டால் கடைசியில் உப்புக் கைத்துவிடும். துருவின தேங்காய்ப்பூவைத் தூவி ரெண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கலாம். மச்சம் சாப்பிடுகிற வீடென்றால் இடித்த மாசிக் கருவாடு ஒரு சிட்டிகை போடுங்கள்.

சம்பலுக்கு வல்லாரை. மெல்லிதாக அரிந்து வெங்காயம், கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய் சேர்த்துக் கையால் பிசறினால் சரி. சோறு போட்ட பிறகு பிசறுங்கள், வைத்தால் தண்ணீர் விடும்.

மட்டக்களப்பில் கல்லடி, களுவாஞ்சிகுடி மாதிரிக் கரையோர மணல் தரையில் தண்ணீர் நிற்காது, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீரையெல்லாம் வாடிப் போகும். செடியின் அடியில் சருகு மூடிவிட்டு, அரிசி கழுவின தண்ணீரையும் அங்கேயே ஊற்றுங்கள். அந்த நாட்களில் முருங்கையும் வாழைக்காயும் கைகொடுக்கும்.

அந்த வெயிலே வற்றலுக்கு நல்லது. மிஞ்சிய பாகற்காயை வட்டமாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிரட்டிக் காயவையுங்கள். கொச்சிக்காயைக் கீறி, எருமைத் தயிரைக் கடைந்து உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவிட்டு, பகலில் வெயிலில் போட்டு, மோர் வற்றும்வரை அப்படியே மாறி மாறிச் செய்யுங்கள். கலகலவென்று காய்ந்த பிறகு போத்தலில் அடைத்துவிட்டால், மார்கழி மழையில் வளவுக்குள் இறங்க முடியாத நாளிலும் சொதியும் பொரித்த மிளகாயுமாகச் சாப்பாட்டை முடிக்கலாம்.