நிலாவெளி பஸ்ஸும் கதிக் கணக்கும்

கதிக் கணக்கென்றால் என் அக்கா மகன் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துவிட்டுப் பேனாவை வைத்துவிடுவான். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர்; பஸ் மணிக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் எவ்வளவு நேரம்? “இரண்டு மணித்தியாலம், மாமா.” அதற்குள் சைக்கிளிலேயே போய்விடலாமே என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சூத்திரத்தை மூடிவையுங்கள். ஒரு கோடு வரையச் சொல்லுங்கள்: ஒரு மணித்தியாலத்துக்கு 30, அரைக்கு 15, காலுக்கு 7.5. விடை கோட்டிலேயே தெரியும். தூரத்தைக் கதியால் வகுக்கும் பேச்சு அதன் பிறகுதான்.

அடுத்த குழி நிமிடம். 45 நிமிடத்தை 0.45 என்று எழுதுவார்கள். அது முக்கால் மணித்தியாலம், 0.75. மணிக்கூட்டின் முகத்தைக் காட்டி விளக்குங்கள். கல்குலேட்டரை நான் லாச்சிக்குள் பூட்டிவிட்டேன்.