மொரப்பூரில் ஓடும் கூட்ஸ் வண்டியை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

மாதிரி ரயில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் இன்ஜினைத்தான் வாங்குவார்கள். எனக்குப் பிடித்தது அதன் பின்னால் வரும் சரக்கு வேகன்கள். தருமபுரியில் இருந்துகொண்டு அவற்றை எப்படிச் சேர்க்கத் தொடங்குவது என்று சொல்கிறேன்.

முதல் படி: எதுவும் வாங்காதீர்கள், மொரப்பூருக்குப் போங்கள்

சென்னை - சேலம் பாதையில் இருக்கும் ஸ்டேஷன் அது. பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு காலை நேரம் உட்காருங்கள். மேல்பக்கம் திறந்து, கரி ஏற்றி வருவது பாக்ஸ்என். மூடிய பெட்டிபோல மூட்டைச் சரக்குடன் வருவது பிசிஎன். உருளை வடிவில் பெட்ரோல், டீசல் கொண்டுபோவது பிடிபிஎன். ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, 5, 6-ஆம் இலக்கங்கள் தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு இலக்கத்தில் அந்த வேகனின் தனி எண், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

நான்கைந்து முறை போனால் ஒன்று புரியும். நம் ஊர் கூட்ஸ் வண்டி பெரும்பாலும் ஒரே வகை வேகன்களால் ஆன ரேக், அதாவது சேர்த்து மாட்டிய வேகன் வரிசை. சேகரிப்பும் அப்படி இருந்தால்தான் மேசை மேல் ரயிலாகத் தெரியும். நான் இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே அமெரிக்கப் பெட்டி வேகன், ஜெர்மன் டாங்கர், பிரிட்டிஷ் கரி வேகன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டேன். மூன்றுக்கும் மூன்று விதக் கொக்கி. ஒன்றோடு ஒன்று மாட்டவே இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரே வகையில் மூன்று வேகன் வந்திருக்கும்.

இரண்டாம் படி: அளவை முடிவு செய்யுங்கள்

மாதிரி ரயில் அளவுகளில் எச்ஓ (HO) என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, ‘என்’ (N) என்றால் 160-இல் ஒரு பங்கு. நிஜ பாக்ஸ்என் சுமார் 10.7 மீட்டர் நீளம். எச்ஓவில் அது 12.3 செ.மீ. 58 வேகன் கொண்ட முழு ரேக் ஏழு மீட்டரைத் தாண்டும், எந்த வீட்டு அறையிலும் அடங்காது. பத்து வேகன் என்றால் ஒன்றேகால் மீட்டர்தான், அது போதும். இடம் ரொம்பக் குறைவென்றால் மட்டும் ‘என்’ அளவுக்குப் போங்கள்.

ஒரு விஷயம்: எச்ஓவில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் சரியாகப் பார்த்தால் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். இதற்காகக் கவலைப்படாதீர்கள், ஓடும்போது கண்ணுக்கு உறுத்தாது.

மூன்றாம் படி: கொக்கி, சக்கரம், எடை

விரல் மடக்கியதுபோல் இருக்கும் நக்கிள் கப்ளரையே எல்லா வேகனுக்கும் போடுங்கள். நிஜ பாக்ஸ்என்னிலும் அந்த மாதிரிதான் இருக்கிறது. கேடி (Kadee) கம்பெனியுடையது நம்பகமானது. பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்க்கும், உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள்.

எடையைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. லேசான வேகன் வளைவில் கவிழும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஒரு கணக்கு வைத்திருக்கிறது: எச்ஓ வேகனுக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்என்னுக்குச் சுமார் 96 கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால், டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைத் துண்டு கேட்டு வாங்குங்கள். ஐந்து, பத்து கிராம் துண்டுகளாகக் கிடைக்கும், பின்பக்கம் பசையும் இருக்கும். வேகனின் நடுவில், தரையோடு ஒட்டினால் மேலே கரிக் குவியல் மறைத்துவிடும்.

பத்திரப்படுத்துவது

ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டுவிடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தின காருக்குள்ளும் வைக்கக் கூடாது.

பத்து வேகன் சேர்ந்த பிறகு, கூட்ஸ் வண்டியின் கடைசியில் வரும் பெட்டியான பிரேக் வேன் வாங்குங்கள். அதன் பின்னால் சின்னதாக ஒரு ‘எல்வி’ (LV, லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசி வண்டி) பலகை மாட்டுங்கள். நிஜத்தில் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ரயில் நடுவில் அறுந்துபோகாமல் முழுசாக வந்து சேர்ந்ததை ஸ்டேஷனில் உறுதி செய்வார்கள்.