மழைநாளில் டொகாய்: புடாபெஸ்ட்டிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணம்

ஹங்கேரியின் ஒயின் ஊர்களைப் பார்க்கக் காரை எடுக்கும் நாளில் மழை பிடித்துக்கொண்டால், பயணத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. டொகாய் பக்கம் வண்டியைத் திருப்பினால் போதும். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை உலகறியச் செய்த அசூ என்னும் இனிப்பு ஒயினும் ஈரத்தின் துணையோடு பிறப்பதுதான்.

புடாபெஸ்ட்டிலிருந்து டொகாய் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். எம்3 நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, எம்30-இல் மிஷ்கோல்ட்ஸ் நோக்கித் திரும்பி, அங்கிருந்து 37-ஆம் எண் சாலையில் செரென்ச் வழியாகப் போக வேண்டும். கிளம்புவதற்கு முன்பே, காரின் பதிவெண்ணைக் கொடுத்து மட்ரிட்சா எனப்படும் மின்னணுச் சாலைக் கட்டணச் சீட்டை வாங்கிவிடுங்கள். 2024 முதல் ஒரு நாளுக்கான சீட்டும் கிடைக்கிறது. வாடகைக் கார் என்றால் சீட்டு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம் என்றாலும், மழை வலுக்கும்போது அந்த வேகத்தை மறந்துவிட வேண்டும்; லாரிகள் வாரியிறைக்கும் நீரில் முன்னால் போகும் வண்டியே கண்ணுக்குத் தெரியாது. ஊர்களுக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுவது அங்கே சட்டம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் வேறொன்று. ஹங்கேரியில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் மது சிறிதும் இருக்கக் கூடாது. "ஒரு வாய்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே யார் ஓட்டப்போகிறார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் சுவைத்துவிட்டுத் துப்புவதும் வேண்டாம், முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். எல்லோருக்கும் குடிக்க ஆசை என்றால், புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து டொகாய்க்கு ரயிலில் போவதே சரி.

பலர் வழியில் எகர் நகரையும் பார்த்துவிடத் திட்டமிடுகிறார்கள். 1552-இல் உதுமானியர் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டையும், பிகாவேர் என்னும் சிவப்பு ஒயினும் உள்ள அந்த நகரம் தனியாக ஒரு நாள் கேட்கும். மழைநாளில் இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மாட் என்னும் சிற்றூரில் நிறுத்துங்கள். சிறிய ஒயின் மனைகளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதே முறை. அங்கே முதலில் இனிப்பில்லாத ஃபுர்மின்ட் ஒயினைக் கேளுங்கள்; இந்த மண்ணின் தலையாய திராட்சை அதுதான், அதன் புளிப்பு நாவில் பதிந்த பிறகுதான் அசூவின் இனிப்பு ஏன் திகட்டுவதில்லை என்பது விளங்கும். பொட்ரோக் ஆறும் டிசா ஆறும் கூடும் இந்தப் பகுதியில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பாட்ரிடிஸ் என்னும் பூஞ்சை பழத்தோலைத் துளைக்கும். பகல் வெயிலும் காற்றும் உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிவிட, பழம் சுருங்கிச் சர்க்கரை திரளும். வெயிலே இல்லாமல் மழை விடாது பெய்தாலோ அதே பூஞ்சை பழத்தை அழுக வைத்துவிடும். அக்டோபர் கடைசியில் நீங்கள் போகும் நாளில் அடைமழை என்றால், அங்குள்ளவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் பறிக்கிறார்கள். யாராவது ஒன்றைக் காட்டினால் உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள்: உலர்திராட்சைபோலச் சுருங்கி, மேலே சாம்பல் பூத்து, விரலில் பிசுபிசுவென ஒட்டும்.

தோட்டங்களுக்குள் செல்லும் மண்பாதைகளில் மழையில் காரை இறக்காதீர்கள். சேறு டயரைக் கவ்விக்கொள்ளும். தார்ச்சாலையிலேயே டொகாய் ஊருக்குப் போய், மிளகாய்ப் பொடியில் சிவந்த ஹலாஸ்லே என்னும் மீன் சூப்பைச் சூடாகக் குடித்துவிட்டு, நடுச் சதுக்கத்தில் உள்ள ராகோட்சி நிலவறைக்குள் இறங்குங்கள். கோடையிலும் உள்ளே 10 முதல் 12 டிகிரிதான். நனைந்த சட்டையோடு போனால் நடுங்க வேண்டியிருக்கும், மாற்றுச் சட்டையும் கம்பளி மேலாடையும் காரில் இருக்கட்டும். இந்த வட்டார நிலவறைகளின் சுவர்களில் கரிய கம்பளிபோலப் படர்ந்திருப்பது அழுக்கு அன்று, பீப்பாய்களிலிருந்து கசியும் ஆவியை உண்டு வாழும் பூஞ்சை. அந்தப் படலத்தில் நாணயத்தை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். வந்துபோனவர்கள் பதித்த காசுகள் விளக்கொளியில் மின்னுவதைப் பார்க்கலாம்.

அசூ வாங்கும்போது புட்டியில் ஒட்டிய சீட்டில் 5 அல்லது 6 புட்டோன்யோஷ் என்று இருக்கும். முற்காலத்தில் பீப்பாய்க்கு எத்தனை கூடை அசூப் பழம் சேர்த்தார்கள் என்பதன் கணக்கு அது. இப்போது லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தால்தான் அசூ என்ற பெயரே கிடைக்கும்.

நான்கு மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள்; இலையுதிர்கால மழையில் இருட்டு சீக்கிரம் கவியும். அரை லிட்டர் அசூப் புட்டி ஒன்றை ஓட்டுநர் பெயரில் தனியாக வாங்கி வைத்து, புடாபெஸ்ட்டில் வண்டியை நிறுத்திச் சாவியை மேசைமேல் வைத்த பிறகு, நிலவறையின் அதே 10, 12 டிகிரிக்குக் குளிர்வித்து, முதல் குவளையை அவருக்கே ஊற்றுங்கள்.