கிளை நூலகத்தின் அன்றாடப் பணிகள்

கதவைத் திறந்ததும் நாளிதழ்களில் நூலக முத்திரையிட்டு வாசிப்பு மேசையில் வைத்துவிட வேண்டும். வாசலில் காத்திருக்கும் முதியவர்கள் பலருக்கு அந்த மேசைதான் நூலகம்.

புதிய நூல் வந்தால், அலமாரிக்கு அனுப்பும் முன் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை ஆகியவற்றை எழுதி, அதே எண்ணை நூலினுள்ளும் குறிக்க வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்னும் எண்ணுக்குள் அடங்குவதால், நம் ஊர்க் கிளை நூலகங்களில் அந்தப் பகுதி மட்டும் பிதுங்கி நிற்கும். கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3 என அடுத்த இலக்கத்தைச் சேர்த்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் அடுக்கினால்தான் கேட்ட நூலை உடனே எடுத்துத் தர முடியும்.

திரும்பி வந்த நூல்களை அன்றன்றே உரிய இடத்தில் வையுங்கள். குழந்தை நூல்கள் கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் தாமாக எடுத்துப் புரட்டுவதை எக்காரணம் கொண்டும் தடுக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதமேறும் என்பதால், அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். நனைந்த நூலை நேர் வெயிலில் காய வைத்தால் தாள் நெளிந்து அட்டை வளைந்துவிடும்; நிழலில், மின்விசிறியின் கீழ், பக்கங்களை விரித்து நிறுத்தி உலர்த்துவதே நல்லது.