பிரிட்டனில் கம்யூனிட்டி ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வேலையா? முதலில் கார் இன்சூரன்ஸ் தாளைப் பாருங்கள்

ஓ.டி. என்றால், நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் தெரபிஸ்ட். அவர்களை இங்கே பதிவு செய்யும் அமைப்பு எச்.சி.பி.சி. அந்தப் பதிவைப் பற்றி ஏற்கெனவே ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், அதனால் சுருக்கமாக. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் கீழே போகக்கூடாது. பாடத்திட்டம், பயிற்சி மணிக்கணக்கு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கல்லூரியில் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். இங்கிருந்து போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். பதிவு வராமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம்.

ஊரில் ஆஸ்பத்திரி டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்திருப்போம், நோயாளி வருவார். இங்கே கம்யூனிட்டி டீம் என்றால் நாம்தான் வீடு வீடாகப் போக வேண்டும். நாற்காலி உயரம், படி, குளியல் தொட்டியின் விளிம்பு எல்லாம் அளக்க வேண்டும். ஒரு கப் டீ போடச் சொல்லி, கெட்டில் தூக்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியான அம்மாவை விட்டுவிட்டு மகனிடம் பேசும் நம் பழக்கத்தை முதல் வாரமே விடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005 படி, முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவாதவரை அந்த அம்மா சொல்வதுதான் முடிவு, அது நமக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும்.

இப்படி வீடு வீடாகப் போகக் கார் வேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸ் குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு, ஊரில் எத்தனை வருடம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஓட்டியிருந்தாலும், தியரியும் பிராக்டிகலும் எழுதித் தேறித்தான் ஆக வேண்டும். டெஸ்ட் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும், வந்ததுமே ஆரம்பியுங்கள். சிங்கப்பூர் லைசென்ஸ்காரர்கள் டெஸ்ட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். கொடுத்துவைத்தவர்கள்.

இனி என் தோழி மாட்டிக்கொண்ட விஷயம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்பார்கள். அவள் 'சோஷியல், டொமஸ்டிக் அண்ட் கம்யூட்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். வேலைக்குத்தானே போகிறோம், கம்யூட்டிங் போதாதா என்று யாருக்கும் தோன்றும். போதாது. கம்யூட்டிங் என்றால் வீட்டிலிருந்து ஒரே ஒரு நிலையான வேலையிடத்துக்குப் போய்வருவது. ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போவது 'பிசினஸ் யூஸ்'. அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

டிக்கியில் டாய்லெட் ஃபிரேமோடு (கழிப்பறையில் பிடித்து எழுவதற்கானது) நோயாளி வீட்டுக்குப் போனவள், ஒரு முட்டுச்சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றிருந்த வேனை இடித்தாள். எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது, உள்ளதைச் சொன்னாள். அவள் காருக்கு ஒரு பென்னிகூடத் தரவில்லை, பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். ரத்தானதை அடுத்த கம்பெனியிடம் மறைக்க முடியாது, பிரீமியம் எகிறியது. போலீஸ் வராதது அதிர்ஷ்டம். பாலிசியில் இல்லாத வேலைக்கு ஓட்டுவதும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். அதற்கு 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பெனால்ட்டி பாயின்ட். இங்கே டெஸ்ட் தேறி முதல் லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், மறுபடி தியரியிலிருந்து.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், மாதாமாதம் அவளுடைய மைலேஜ் கிளெய்மில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு எத்தனை மைல் என்று அதில் வரிவரியாக இருக்கிறது. இன்சூரன்ஸ் தாளைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. விபத்துக்குப் பிறகு மட்டும், "அது உங்கள் பொறுப்பு" என்று ஒரு மெயில்.

சர்ட்டிஃபிகேட்டில் 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்றொரு பகுதி இருக்கும். அங்கே பிசினஸ் என்ற சொல் இல்லையென்றால் இன்றே போன் செய்து அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். உபகரணம் ஏற்றிச் செல்வதையும், நோயாளியை உட்காரவைத்து அழைத்துப் போக நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள். பாலிசி கணவர் பெயரிலும் நீங்கள் கூடுதல் ஓட்டுநராகவும் இருந்தால், பிசினஸ் யூஸ் உங்களுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது. இன்டர்வியூவிலேயே பூல் கார் (வேலைக்கென்று அலுவலகமே தரும் பொதுக் கார்) உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வருடம் மலிவாகக் கிடைக்கிறதென்று கம்பெனி மாற்றும்போது இந்தக் கேள்வி மறுபடி வரும், பழைய பதில் தானாகக் கூடவே வராது.